ஒரு நாளுக்கு ஒரு நாள்

அவளுக்கு நன்றி சொன்னால் கோபம் வரும். "ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அத வச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்பாள். குத்தலாகக் கேட்பதில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்பாள். சொன்னவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நான் பக்கத்தில் இருந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விடுவேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அவள் பெயர் மலைக்காரம்மா. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். தன் பெயரை அடுத்தவர் வாயில் கேட்பதே அவளுக்குக் கூச்சம், அதனால் இங்கேயும் வேண்டாம். துறையூர் தாண்டிப் பச்சைமலைக்குப் பஸ் ஏறி, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, காட்டு வழியே ஓடையைத் தாண்டி நடந்தால் வருகிற ஊர் அவளுடையது. ஊர் என்று அவள்தான் சொல்வாள். பார்த்தால் மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள், செம்மண், பலா மரங்கள், காலையில் பனிமூட்டம், அவ்வளவுதான். கோடையில் பலாப்பழம், மற்ற மாதங்களில் மரவள்ளிக்கிழங்கு என்று எதையாவது மூட்டை கட்டிக்கொண்டு திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாள். குள்ளமான உருவம், அகலமான தோள். சாக்குத் துணியில் சுற்றிய கொடுவாள் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். பஸ்ஸில் யாராவது பயந்தால், "பழம் வெட்டுறதுங்க, பயப்படாதீங்க" என்பாள்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிபன் கடை வைத்திருப்பவள். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரரில் ஆரம்பித்துக் கடைக்குப் பால் ஊற்றுகிறவர் வரை எல்லாரும் சொல்வார்கள். இருக்கட்டும். வாய் நீளமாக இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் கடை நடத்த முடியாது. அவள் மூட்டையை என் கடை வாசல் ஓரமாக இறக்கி வைத்து விற்பாள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதைத் தாண்டிப் பெரிய பழக்கம் கிடையாது.

ஓர் ஐப்பசித் தொடக்கம், விடாத மழை. காலையில் தலையெல்லாம் நனைந்து கடைக்குள் வந்து நின்றாள். கையில் ஒரு சின்னத் துணி மூட்டை.

"அக்கா, மக பெரிய ஆஸ்பத்திரில கெடக்கா. புள்ள தங்கல. இத எங்க மண்ணுல கொண்டுபோய்ப் போடணும். மருமகன் கேரளாவுல வேலைக்குப் போயிருக்காரு, வர நாளாகும். அவ தனியா இருக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். இருங்கள் என்றோ வாருங்கள் என்றோ கேட்கவில்லை. நான் கரண்டியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று முழுக்க அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். வலி எடுத்தவுடன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அதுவும் வந்து தார் ரோடு முடிவில் நின்றிருக்கிறது. அதற்கு மேல் வழி இல்லை. முன்பெல்லாம் ஜீப் வந்துகொண்டிருந்த பாதைதான், மழை அரித்து அரித்துப் பள்ளமாகிவிட்டது. போர்வையில் தூளி கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிட்டுத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஓடையில் தண்ணீர் வடியட்டும் என்று கரையிலேயே காத்திருந்திருக்கிறார்கள். அங்கேயே குழந்தையின் அசைவு நின்றுவிட்டது. "எங்கம்மா கழிய விடவே இல்லக்கா. தோளுல தோல் உரிஞ்சு போச்சு" என்றாள் அந்தப் பெண்.

மகள் வீடு திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து ஒரு விடியற்காலை, நான் ஷட்டரைத் தூக்கும்போது மலைக்காரி வாசலில் நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். இட்லிக் கொப்பரையிலிருந்து எண்ணெய்ச் சட்டி வரை எல்லாம் பளபளத்தது. அடுப்பு மேடையைச் சுரண்டினாள். கிரைண்டரைக் கழற்றிக் கழுவினாள். எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த என் சுவருக்கு ஒரு நிறம் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் நான் பணத்தை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க ஒரு நாள் உக்காந்தீங்க. நான் ஒரு நாள் நின்னுட்டேன். கணக்கு நேராச்சு."

"ஏம்மா, நான் என்ன கூலிக்கா உக்காந்தேன்?"

"நான் மட்டும் கூலிக்கா வந்தேன்? இது மாத்தாள்."

அப்படித்தான் அந்த வார்த்தை என் காதுக்கு வந்தது. மலையில் விதைக்க, களை எடுக்க, கூரை போட என்று எதற்கும் கூலிக்கு ஆள் வைப்பதில்லையாம். இன்றைக்கு நான் உன் கொல்லைக்கு வருகிறேன், நாளை நீ என் கொல்லைக்கு வா. அதுதான் மாத்தாள். வந்தவர்களுக்குச் சோறு போடுவது முறை, அது இந்தக் கணக்கில் சேராது. "காசு குடுத்தா கூலி. கூலிக்காரன் நாளைக்கு வேற எடம் போயிருவான். மாத்தாள் எங்க போவான், சொல்லுங்க?" என்றாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, மடிப்பைக்கூடப் பிரிக்காமல், "இதுக்கு நான் என்னிக்கு வரணும்?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீ வரவும் வேணாம், கட்டவும் வேணாம், அந்த ஓரமாப் போடு" என்று கத்திவிட்டேன். சரி என்று ஓரமாகவே வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், மகராசி. அந்தப் புடவையைக் கடைசியில் நான்தான் கட்டினேன்.

சில சமயம் அவளைப் பார்த்தால் எனக்குப் பயமாகவும் இருக்கும். அவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன் ஒருவர். அவர் கொல்லையில் இவள் களை எடுத்திருக்கிறாள், இவள் கூரைக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஓர் எச்சில் இலையைக்கூட எடுக்காமல் எழுந்து வந்துவிட்டாளாம். "கூடப் பொறந்தவரும்மா, விட்டுக் குடுக்கக் கூடாதா?" என்றேன். "விட்டுக் குடுத்தா அவரு கொறஞ்சு போயிருவாருக்கா. தர வேண்டியது இருக்குன்னு வச்சாத்தான் அவரு ஆளு" என்றாள். இப்போது அவள் இல்லை. போய்ச் சேர்ந்த பிறகும் இந்த ஒரு பேச்சு மட்டும் என்னை விடாமல் அரிக்கிறது. அவள் சொன்னது சரியா, தப்பா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

மறு வருஷம் மகள் மறுபடி முழுகாமல் இருந்தாள். அந்தக் கோடையில் மலைக்காரி பலாப்பழத்தோடு பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் ஸ்ரீரங்கம் வரைக்கும் வர ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் பழம் விற்பாள். விற்றுவிட்டுப் போகமாட்டாள். யார் வீட்டில் ஆள் தட்டுப்பாடு என்று கண் தேடிக்கொண்டே இருக்கும்.

எதிர்வீட்டு மாமி தனியாக இருப்பவர், ஆசாரம் ஜாஸ்தி. கோடைக் காற்றில் அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் சாய்ந்து கிணற்றடியையே மூடிவிட்டது. இவள் கொடுவாளோடு இறங்கி, ஒரு பகல் முழுக்க வெட்டி, விறகு தனியாக, தழை தனியாக அடுக்கிவிட்டாள். மாமி இலையில் தயிர்சாதமும் மாவடுவும் போட்டார். சாப்பிட்டாள். பணம் கொடுத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தெருக்கோடி ஆட்டோ தம்பி இரண்டாவது மாடிக்கு வீடு மாற்றினான். பீரோவின் ஒரு பக்கம் அவன், மறு பக்கம் இவள். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் மாடித் தோட்டம் போடப்போகிறேன் என்று மண்மூட்டைகளை வரவழைத்திருந்தார், அவை கேட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன. அத்தனையையும் மாடிக்கு ஏற்றினாள். இன்னும் யார் யாருக்கோ என்னென்னவோ செய்தாள்.

தெரு முழுக்க அவள் புகழ்தான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷியா!" என்றார் சார். நான் சும்மா இருப்பேனா? "சார், அது தர்மம் இல்ல. அவங்க ஊர்ல மாத்தாள்னு சொல்லுவாங்க. ஒரு நாள் அவ கூப்பிடுவா, நீங்க போகணும்" என்றேன். "எங்க, மலைக்கா?" என்று சார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவளிடமும் கேட்டேன். "ஏம்மா, இவங்களுக்கெல்லாம் உன் முறை தெரியுமா? நீ சொன்னியா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இத எதுக்கு வாயால சொல்லணும்? அடுத்தவன் உழைப்ப வாங்குனா திருப்பித் தரணும்னு ஒருத்தருக்குத் தெரியாமயா இருக்கும்?"

அவள் போட்ட ஒரே தப்புக் கணக்கு அதுதான். மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டுமே போடக்கூடிய கணக்கு.

புரட்டாசியில் ஒரு காலை பழம், கிழங்கு எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே மாதிரி சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க வழிய சரி பண்றோம். மக மாசமா இருக்கா, கார்த்திகைக்குள்ள ஜீப்பு வரணும். எங்க ஆம்பளைங்க எல்லாம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போயிட்டாங்க, இருக்கிற கை பத்தல. என் நாளக் குடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே ஆள் இல்லை என்று தெரிந்து, ஒரு கோடை முழுக்க அவள் கீழே ஆள் சேர்த்திருக்கிறாள்.

தெருவே திருதிருவென்று முழித்தது. ஒருவர் வீட்டில் விசேஷம், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. சார் மட்டும் மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கு முதுகு வலிம்மா. வேணும்னா ரெண்டு ஆளுக்குக் கூலி குடுத்துடறேன்."

"மண்ணு மூட்டைய நான் தூக்குனேன் சாரு. ஆள் வச்சுத் தூக்கல."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, மண் அள்ளும் மெஷின் ஒன்றை அடுத்த நாளே மலைக்கு அனுப்பிவைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வரட்டும். அத ஓட்டுற தம்பிக்கு நான் ஒரு நாள் போறேன்" என்றாள். ஆனால் அது காட்டு நிலம். கையால் சரி செய்துகொள்ளலாம், மெஷின் இறங்கக் கூடாது என்று ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, மனுஷக் கைதான் வேண்டும்.

என்னை மட்டும் அவள் கூப்பிடவில்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "தெருவுல போறவனையெல்லாம் கூப்பிடுற, நான் உனக்கு ஆளாத் தெரியலையா?"

"நமக்குள்ள நேராயிருச்சுக்கா. உங்ககிட்ட எனக்கு நாள் இல்ல."

"இல்லாட்டி என்ன? நான் வரேன்."

"வந்தா நான் கடனாயிருவேன். வேணாம்."

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். நானும் விடுகிற ஜாதியில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை விடியற்காலை வந்து சாயங்காலம் வரை என் கடையில் பாத்திரம் தேய்த்து முடித்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இப்ப உங்ககிட்டயும் எனக்கு நாள் இருக்கு. நாளைக்கு வாங்க" என்றாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு அவள் துறையூர் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தாள். தெருவில் அவள் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஆட்டோ தம்பி வந்தான். தொப்பியும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாகச் சார் வந்தார். நான் எதிர்பார்க்காத ஆள் எதிர்வீட்டு மாமி. விடியும் முன்னே எழுந்து வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனத்தை முடித்துக்கொண்டு, தூக்கில் தண்ணீரும் சம்படத்தில் புளியோதரையுமாக வந்து நின்றார். "என்னால கடப்பாரையெல்லாம் முடியாது. ஆனா கொல்லையச் சுத்தம் பண்ணிக் குடுத்தாளே, நான் வரலேன்னா பெருமாள் முகத்துல எப்படி முழிக்கறது?" என்றார்.

மலையில் மிச்சம் இருந்தவர்கள் வயசானவர்களும் பெண்களும்தான். எங்களைப் பார்த்ததும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. பள்ளங்களில் கல் நிரப்பினோம், மேலே செம்மண் கொட்டி மிதித்தோம், வழியை மூடியிருந்த புதரை வெட்டினோம். சார் பாதி நேரம் வேலை செய்தார், மீதி நேரம் வேலை எப்படிச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார். மாமி ஒரு பாறையில் உட்கார்ந்து சின்னக் கற்களைப் பொறுக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார். மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். மாமி தன் புளியோதரையைச் சாப்பிட்டார். மகள் நிறை வயிற்றோடு வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே கண் ஓடைப் பக்கம் போய்ப் போய் வந்தது.

சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழி முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது ஓடைதான். அதில் கல் பாவி முடித்தால்தான் ஜீப் தாண்டும். முடிக்காவிட்டால் செய்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவாது. வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, "நேராச்சு, போயிட்டு வாங்க" என்று கும்பிட்டாள். சார் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டுக் கிளம்பினார். நான் முறைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவரு குடுக்க வேண்டியதக் குடுத்துட்டாரு. அவர முறைக்காதீங்க."

"சரி. நான் நாளைக்கும் இருக்கேன்."

"வேணாம்க்கா."

எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. "உன் முறையக் கொண்டுபோய் ஓடையில போடு! அன்னிக்கு அந்தச் சின்ன மூட்டையக் கையில வச்சுக்கிட்டு என் கடையில நின்ன பாரு, இன்னொரு தடவ அப்படி நிக்கப் போறியா? உனக்கு மக பெருசா, மொற பெருசா?"

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தைதான். அவள் என்னைத் திட்டவில்லை. திரும்பி ஓடைப் பக்கம் இறங்கிப் போனாள். தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றாள். வாசலில் இருந்த மகளைப் பார்த்தாள். பிறகு மேலே ஏறி வந்து, கையில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் முன்னால் நின்றாள். எப்போதும் பின்னால் கட்டிக்கொள்ளும் அந்தக் கைகளை முன்னால் நீட்டினாள்.

"எனக்கு ஒரு நாள் குடுங்க" என்றாள். மறுபடி சொன்னாள். "உங்க யாருகிட்டயும் எனக்கு நாள் இல்ல. இருந்தாலும் குடுங்க. நான் திருப்பித் தந்துருவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்க வைத்தவளே நான்தான், ஆனாலும் அவள் கேட்டதைப் பார்க்க முடியவில்லை. மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏண்டிம்மா, இதுக்கு எதுக்கு இவ்வளவு சங்கோஜம்? படுத்துக்க ஒரு பாய் குடு, போறும்." பிறகு போனில் டவர் கிடைக்கிற பாறை எது என்று விசாரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்று, "நாளைக்குப் பெருமாளுக்கு நீங்களே ரெண்டு பழம் வெச்சுடுங்கோ, நான் வரதுக்கு ராத்திரி ஆயிடும்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னார். ஆட்டோ தம்பிக்குக் காலையில் ஸ்கூல் சவாரி. கடைசி பஸ்ஸில் போய்விட்டான், இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தோம். மறுநாள் சவாரியை முடித்த கையோடு, ஸ்டாண்டிலிருந்து சேக்காளிகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான்.

பொழுது சாய்வதற்குள் ஓடையில் கல் பாவி முடித்தோம். அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. கல் அசையவில்லை. கார்த்திகை பிறந்து வலி எடுத்த அன்று ஜீப் ஓடையைத் தாண்டி, வீட்டு வாசலிலேயே வந்து நின்றதாம். துறையூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று அவள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டுச் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோசை கருகியே போனது. வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் ஓயவில்லை. கடன்காரி ஆகிவிட்டாள் அல்லவா! எனக்கு ஒரு நாள் பாத்திரம் தேய்த்தாள். ஆட்டோ ஸ்டாண்டில் போய் நின்று, "அன்னிக்குக் கல்லு தூக்குன செவப்புச் சட்ட தம்பி எங்க?" என்று விசாரித்து, அவனுடைய ஆட்டோவைக் கழுவினாள். அவன் வெட்கத்தில் நெளிந்துகொண்டே ஓரமாக நின்றான். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துத் தீர்த்தாள்.

மாமி மட்டும் மசியவில்லை. "நான் பண்ணினது கைங்கர்யம்டிம்மா. பெருமாளுக்குப் பண்ணினாப்பல. கைங்கர்யத்தைத் திருப்பி வாங்கிக்கற வழக்கம் எங்காத்துல கிடையாது" என்றார். அவள் வருவதும், மாமி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவதுமாக மாசி வரை இழுத்தது. மலைக்காரிக்கு ஒரு முறை, மாமிக்கு ஒரு முறை. இரண்டு பேரும் கொஞ்சமும் இறங்கி வரவில்லை. நான் எதிர்வீட்டிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போனேன். மாமி கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். இவள் நேரே போய், "மாமி, நீங்க கல்லு பொறுக்குன வழியில வந்தவ இவ" என்று குழந்தையை மாமியின் மடியில் வைத்துவிட்டாள். ஆசாரம் பார்க்கிற மாமிக்குக் கை கால் ஓடவில்லை. குழந்தை அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. மாமியின் முகம் இளகுவதை நான் பார்த்தேன். "அடி என் தங்கமே, என்ன பேரு வெச்சிருக்கா உனக்கு?" என்று குனிந்தார்.

மாமி நிமிர்ந்து பார்த்தபோது மலைக்காரி அங்கே இல்லை. கொல்லைப் பக்கம் கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. பிறகு விளக்குமாற்றுச் சத்தம்.

மாமிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குள் மடியில் குழந்தை கண் செருகத் தொடங்கியிருந்தது. மகளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே தவிர, குழந்தையை வாங்கக் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தார். நான் மேலே விட்டத்தைப் பார்த்தேன்.

"ஏய், இது அநியாயம்டி! வந்து கொழந்தைய எடுத்துக்கோ!" என்று குரல் கொடுத்தார் மாமி, குழந்தை விழித்துவிடாதபடி மெதுவாக.

கொல்லையிலிருந்து பதில் வந்தது. "வேல முடியட்டும் மாமி."